“டிஸ்டர்ப்டு” என்று எழுதினால் என்ன குறை, அக்கா?

கேள்வி: அக்கா, நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்சாக இருந்துவிட்டு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதித் தேறி, இப்போது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஓர் எலும்பு சிகிச்சை வார்டில் பேண்ட் 5 என்கிற தொடக்கநிலை நர்ஸ் வேலையில் இருக்கிறேன். போன வாரம் நைட் டியூட்டி. இடுப்பு ஆபரேஷன் முடிந்த 78 வயதுப் பெரியவர் ஒருவர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுத்தார், எழுந்து எழுந்து உட்கார்ந்தார், “பஸ் வந்துடும், வீட்டுக்குப் போகணும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நோட்ஸில் “வெரி டிஸ்டர்ப்டு, டென்ஸ்டு, தூங்கவில்லை” என்று எழுதினேன். காலையில் வார்டு சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, “டிஸ்டர்ப்டு என்றால் எப்படி? இவருக்கு மனநலப் பிரச்சினை ஏதாவது முன்பு இருந்ததா?” என்று எல்லார் முன்பும் கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு ஸ்கேன் பார்த்ததில் மூத்திரப்பை நிரம்பிக் கிடந்தது தெரிந்தது. கேத்தீட்டர் என்கிற சிறுநீர்க் குழாய் போட்டபின் மெல்ல அடங்கித் தூங்கினார்.

அதே வாரம் இன்னொரு நோயாளியின் மகள் என்னிடம் வந்து “ஐ ஆம் கன்சர்ன்ட்” என்றார். நான் சிரித்த முகத்தோடு “டோன்ட் வொரி” என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. ஆங்ஷியஸ், அன்ஈஸி, ரெஸ்ட்லெஸ், டிஸ்ட்ரெஸ்ட் என்று இந்த ஊரில் எத்தனையோ சொற்கள். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் கவலை, கலக்கம், பதற்றம் என்றுதான் போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது? டாக்டரை இரவில் எழுப்பவே பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால், இங்கே வந்ததிலிருந்து எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் ஆங்கிலம் மட்டம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் கேட்கிற கிரேடை வாங்கித்தானே அந்த வார்டுக்குள் போயிருக்கிறீர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டென்ஷன், டிஸ்டர்ப், அப்செட், ஃபீலிங் எல்லாம் நம்மூரில் தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன. “டென்ஷன் ஆகாதீங்க” என்றால் கோபப்படாதீர்கள் என்றும் ஆகும், பதறாதீர்கள் என்றும் ஆகும், அவசரப்படாதீர்கள் என்றும் ஆகும். “ரொம்ப ஃபீல் பண்றாரு” என்றால் வருத்தப்படுகிறார். நமக்குள் பேசும்போது முகத்தையும் குரலையும் பார்த்து, எந்த அர்த்தம் என்று பிடித்துக்கொள்கிறோம். நோட்ஸுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. ராத்திரி நீங்கள் எழுதியதைக் காலையில் உங்களைத் தெரியாத ஒருவர் படித்து, அதை வைத்து ஒரு முடிவெடுப்பார்.

அதனால் அகராதியை மூடி வைத்துவிட்டு, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் அடுத்து யாரையோ அந்தக் கட்டிலுக்கு வரவழைக்கிறது. அன்கம்ஃபர்டபிள் என்று எழுதினால் வலி மருந்தோடு ஒருவர் வருவார். ஆங்ஷியஸ் என்றால் உட்கார்ந்து பேச ஒருவர் வருவார். அஜிடேட்டட் என்றால் டாக்டர் வருவார், சில இடங்களில் செக்யூரிட்டியும் வருவார். டிஸ்டர்ப்டு என்று தனியாக ஒரு மனிதரைப் பற்றி எழுதினால், பிரிட்டனில் படிப்பவர் மனத்தில் எழும் முதல் எண்ணம் மனநோய் மருத்துவர். உங்கள் வார்டு சிஸ்டர் கேட்ட கேள்வி அதிலிருந்துதான் வந்தது. எல்லார் முன்பும் கேட்டிருக்க வேண்டாம், உங்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமானது. தூக்கத்துக்கு அந்தச் சொல் பொருந்தும், டிஸ்டர்ப்டு ஸ்லீப் என்று தாராளமாக எழுதலாம். ஆளுக்கு ஒட்டினால் அர்த்தம் போய்விடும்.

டென்ஸ்டு என்பதையும் விட்டுவிடுங்கள். மனநிலையைச் சொல்ல அவர்கள் டென்ஸ் என்பார்கள். அதிலும் உங்கள் துறையில் ஓர் எச்சரிக்கை உண்டு. டென்ஸ் என்ற சொல் நோட்ஸில் பெரும்பாலும் வயிற்றைப் பற்றியோ தசையைப் பற்றியோ வரும். வயிறு டென்ஸ் என்று கேட்டால் சர்ஜன் ஓடி வருவார்.

இனி அந்தப் பெரியவர். அவரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

போர்வையை இழுக்கிறார், எழுந்து உட்கார்கிறார், இருக்கிற இடம் தெரியாமல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். நம் வீட்டுப் பாட்டி இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? “மனுஷனுக்கு இருப்புக் கொள்ளலை, நெனவு தப்பிப் பேசறாரு” என்றிருப்பாள். இரண்டு தனித்தனிச் செய்திகள். அந்த இரண்டும்தான் நோட்ஸில் வந்திருக்க வேண்டும். இருப்புக் கொள்ளவில்லை என்பது ரெஸ்ட்லெஸ். நினைவு தப்பிப் பேசுவது, மாலை வரை தெளிவாக இருந்தவர் என்றால், நியூ கன்ஃபியூஷன்.

இந்த இரண்டாவது சொல்லின் எடை உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட, நோயாளி மோசமாகிறாரா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கிற நியூஸ் 2 சார்ட்டைத்தான் நீங்கள் ஒவ்வொரு ரவுண்டிலும் நிரப்புகிறீர்கள். அதில் நியூ கன்ஃபியூஷனுக்கு மட்டும் 3 மதிப்பெண். ஒரே கட்டத்தில் 3 வந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அவசரமாக வந்து பார்த்தாக வேண்டும். டிஸ்டர்ப்டு என்ற சொல்லுக்கு அந்தச் சார்ட்டில் இடமே கிடையாது. மதிப்பெண் கூடவில்லை, போன் போகவில்லை, அவர் விடியும்வரை மூத்திரப்பையைச் சுமந்துகொண்டு கிடந்தார். உங்களைக் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், பஸ் என்று சொன்னதுகூட உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. பார்த்ததை அப்படியே எழுதியிருந்தால் போதும், சொல்லைத் தேடியே இருக்க வேண்டாம்.

இப்படி:

“இரவு 2.15. கட்டிலில் ரெஸ்ட்லெஸ். போர்வையை இழுக்கிறார், எழ முயல்கிறார். ‘பஸ் வந்துடும், வீட்டுக்குப் போகணும்’ என்கிறார். எங்கே இருக்கிறோம் என்று கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. மாலை ஹேண்டோவரில் தெளிவாக இருந்ததாகத் தகவல். நியூ கன்ஃபியூஷன். 6 மணிக்குப் பிறகு சிறுநீர் கழிக்கவில்லை. அடிவயிறு உப்பியிருக்கிறது. டாக்டருக்குச் சொல்லப்பட்டது.”

இதில் மனநிலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படிப்பவர் கண்முன் ஆள் தெரிகிறார். நர்சிங் அண்டு மிட்வைஃபரி கவுன்சிலின் நடத்தை விதிகளில் பதிவேடு பற்றிய பகுதியில், குறிப்புகளில் ஊகம் கூடாது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். நோயாளி வாயால் சொன்னதை அவர் சொன்னபடியே மேற்கோளில் போடுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை உங்கள் சொல்லில் எழுதுங்கள். அவர் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை நீங்களாக முடிவுசெய்து எழுத வேண்டாம்.

ரெஸ்ட்லெஸ்ஸுக்கும் அஜிடேட்டடுக்கும் என்ன வித்தியாசம் என்று அடுத்துக் கேட்பீர்கள். நம்மூர்ப் பத்திரிகையில் அஜிடேஷன் என்றால் கொடி பிடிக்கிற போராட்டம். 1965 இந்தி எதிர்ப்பை அந்தச் சொல்லில்தான் நம் அப்பா தலைமுறை ஆங்கிலத்தில் சொல்லும். மருத்துவத்தில் அது உடம்பு போடுகிற போராட்டம். நோயாளி எவ்வளவு மயக்கமாக அல்லது எவ்வளவு கொந்தளிப்பாக இருக்கிறார் என்று ஐ.சி.யூ.வில் அளக்கிற ராஸ் அளவுகோல் இதை எண்ணிலேயே பிரித்துக் காட்டுகிறது. அமைதியாக விழித்திருப்பவர் 0. பதற்றமாக, நிலைகொள்ளாமல் இருக்கிறார், ஆனால் அசைவில் மூர்க்கம் இல்லை என்றால் அது ரெஸ்ட்லெஸ், +1. காரணமில்லாத அசைவு அடிக்கடி வருகிறது, வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுகிறார் என்றால் அஜிடேட்டட், +2. டியூபையும் கேத்தீட்டரையும் பிடுங்கினால் +3. ஆளை அடிக்க வந்தால் +4. உங்கள் பெரியவர் +1. அவரை அஜிடேட்டட் என்று எழுதியிருந்தால், மயக்க மருந்து ஒன்று கொடுத்துப் படுக்கவைக்கலாமா என்ற பேச்சு எழுந்திருக்கும். நிரம்பிய மூத்திரப்பையோடு அவரை மருந்தால் அடக்கிப் படுக்கவைப்பதை நினைத்துப் பாருங்கள்.

இதோடு சேர்த்து, அசைவே இல்லாத நோயாளியையும் மறக்காதீர்கள். டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பம் வந்தவர்கள் எல்லாரும் போர்வையை இழுப்பதில்லை. சிலர் சத்தமே இல்லாமல் சுருண்டு கிடப்பார்கள், கூப்பிட்டால் தாமதமாகக் கண்ணைத் திறப்பார்கள். இரவில் அவர்களைப் பற்றி “நிம்மதியாகத் தூங்கினார்” என்று எழுதிவிடுவோம். தவறிப்போவது பெரும்பாலும் இவர்கள்தான். பிரிட்டிஷ் வார்டுகளில் பிஞ்ச் மீ என்று ஒரு நினைவுக்குறிப்பு சொல்லித்தருவார்கள். வலி, தொற்று, சாப்பாடு, மலச்சிக்கல், நீர்ச்சத்து, மருந்து, சுற்றுப்புறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவது. காதுக்கருவி மேஜை டிராயரில் கிடப்பதுகூட அந்தச் சுற்றுப்புறத்தில் சேர்த்தி. கண்ணாடியும் காதுக்கருவியும் இல்லாத கிழவருக்கு இருட்டு வார்டு எந்த ஊராகவும் தெரியலாம், பஸ் ஸ்டாண்டாகவும் தெரியலாம்.

அடுத்தது ஆங்ஷியஸ். நீங்கள் பட்டியலிட்ட சொற்களில் இதைத்தான் மிகவும் யோசித்து எழுத வேண்டும் என்று எங்கள் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வேன். இந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு நெரிப்பது, இறுக்குவது என்று பொருள். ஆஞ்சைனா என்கிற நெஞ்சுவலியின் பெயரும் அதே குடும்பம். நாமும் “நெஞ்சை அடைக்குது” என்று துக்கத்துக்கும் சொல்வோம், மாரடைப்புக்கும் சொல்வோம் அல்லவா? மூச்சு முட்டுகிற நோயாளி பதறத்தான் செய்வார். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும் பதறுவார், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் பதறுவார், சர்க்கரை சரிந்தாலும் கை நடுங்க, வியர்த்துப் பதறுவார். இவர்களைப் பார்த்து “ஆங்ஷியஸ்” என்று எழுதி நகர்ந்துவிட்டால், அடுத்த டியூட்டிக்கு வருகிறவரும் அந்தக் கண்ணாடியோடுதான் பார்ப்பார். அதுவும் பெண் நோயாளி, இளம் வயது என்றால் அந்த முத்திரை சீக்கிரம் விழுந்துவிடுகிறது, லேசில் அழியாது. ஆகவே முதலில் சாச்சுரேஷன் என்கிற ரத்த ஆக்சிஜன் அளவு, பல்ஸ், மூச்சு எண்ணிக்கை, சர்க்கரை. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு ஆங்ஷியஸ்.

இன்னொன்று. ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது, புது ஊசி மருந்து போன சில நிமிடங்களில், ஒரு நோயாளி உங்கள் கையைப் பிடித்து “ஏதோ சரியில்லை, என்னவோ நடக்கப் போகிறது” என்கிற மாதிரி அன்ஈஸி என்றோ, விபரீதமாகத் தோன்றுகிறது என்றோ சொன்னால், அதை மனப்பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வாமையின் தீவிர நிலையிலும், பொருந்தாத ரத்தம் ஏறும்போதும் இந்த உணர்வு அறிகுறியாகவே புத்தகங்களில் இருக்கிறது. “அடிவயித்துல புளியக் கரைக்குது சிஸ்டர்” என்று நம்மூரில் ஒருவர் ரத்தம் ஏறும்போது சொன்னால் எப்படி நிமிர்ந்து பார்ப்பீர்களோ, அப்படிப் பாருங்கள். ரத்தம் ஏறுவதை நிறுத்துங்கள், ஆளைக் கூப்பிடுங்கள், பிறகு எழுதலாம்.

ஆங்ஷியஸ்ஸுக்கும் வொரீடுக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளியிடம் பேசிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். வொரிக்கு ஒரு பொருள் இருக்கும். வீட்டில் பூனைக்கு யார் சோறு போடுவார்கள், மனைவி மாத்திரை சாப்பிட்டாளா, பென்ஷன் கடிதம் வந்ததா. அந்த ஒன்றையே மனம் கவ்விக் கவ்விப் பார்க்கும். பழைய ஆங்கிலத்தில் வொரி என்ற சொல்லுக்குக் குரல்வளையை நெரிப்பது என்று பொருள். இன்றும் நாய் ஆட்டைத் துரத்திக் கவ்வுவதை வொரியிங் என்றுதான் பிரிட்டிஷ் சட்டம் சொல்கிறது. கால்நடைகளைப் பாதுகாக்கும் 1953ஆம் வருடத்துச் சட்டத்தில் இருக்கிறது, கிராமப்புறம் போனால் வேலிகளில் பலகையாகத் தொங்கும். வொரிக்குத் தகவல்தான் மருந்து. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுப் பூனை சாப்பிட்டது என்று சொல்லிவிட்டால் அந்த நோயாளி தூங்கிவிடுவார். ஆங்ஸைட்டி அப்படித் தீராது. பூனை போனால் கதவு, கதவு போனால் கேஸ் அடுப்பு என்று மாறிக்கொண்டே இருக்கும். அதை அளக்க ஜி.ஏ.டி. 7 என்ற வினாத்தாள் 2006 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த 2 வாரத்தைப் பற்றி 7 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். அதன் முதல் கேள்வியிலேயே நெர்வஸ், ஆங்ஷியஸ், ஆன் எட்ஜ் என்று மூன்று சொற்களை அடுக்கியிருக்கிறார்கள். மூன்றில் எந்தச் சொல் ஒருவருக்குப் பழக்கமோ, அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லட்டும் என்பதற்காகத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நெர்வஸ், அப்ரிஹென்சிவ் இரண்டும் நாளை நடக்கப்போகிற ஒன்றைப் பற்றியவை. ஆபரேஷன் முடிந்தால் முடிந்தது. அப்ரிஹென்சிவ் கொஞ்சம் எழுத்துநடை, நோயாளிகள் வாயில் அதிகம் வராது, நோட்ஸில் நன்றாகப் பொருந்தும். அப்செட் என்றால் காரணம் தெரிந்த வருத்தம், பெரும்பாலும் கண்ணீரோடு. “மகனோடு போனில் பேசியபின் அப்செட், அழுதார்” என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ட்ரபிள்டு என்பதை நோட்ஸில் நீங்கள் எழுதவே வேண்டியிராது.

டிஸ்ட்ரெஸ்ட் மட்டும் தனி. அது எல்லாவற்றிலும் கனமான சொல். நம்முடைய தவிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும். பார்ப்பவருக்கே தெரிய வேண்டும், இப்போதே யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். கடலில் கப்பல் உதவி கேட்டு அனுப்பும் சமிக்ஞைக்கும் அந்தப் பெயர்தான். மூச்சுத் திணறலை ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரெஸ் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே தூக்கம் வராமல் புரண்டவருக்கெல்லாம் இதைப் போடாதீர்கள். உண்மையிலேயே தவிப்பவருக்குப் போடாமலும் இருந்துவிடாதீர்கள்.

அன்கம்ஃபர்டபிள் என்ற சொல்லுக்கு வருவோம். உங்கள் வார்டில் நாளைக்கே இது உங்களுக்கு உதவும். நம் ஊரில் வலி என்றால் “ஐயோ அம்மா” என்று சத்தம் வரும். வடக்கு இங்கிலாந்துப் பெரியவர்கள் பலர் எலும்பு முறிந்து கிடக்கும்போதும் “கொஞ்சம் அன்கம்ஃபர்டபிளாக இருக்கு, பரவாயில்லை” என்பார்கள். இளக்கிச் சொல்வது அந்தத் தலைமுறையின் நாகரிகம். கொஞ்சம் என்பதை நம்பாதீர்கள், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேளுங்கள். அசையும்போது எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். நகராமல் படுத்திருக்கையில் 2 சொன்னவர், திரும்பிப் படுக்கச் சொன்னால் 8 என்பார்.

அதே சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு, அதுதான் நம்மவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடுவது. குளிப்பாட்டப் போகிறீர்கள், கூட ஒரு மாணவர் நிற்கிறார். நோயாளி மெதுவான குரலில் “அது எனக்கு அவ்வளவு கம்ஃபர்டபிளாக இல்லை” என்கிறார். நம் காதுக்கு அது லேசான கூச்சம், கொஞ்சம் தைரியம் சொன்னால் சரியாகிவிடும் என்று படும். அங்கே அதன் பொருள் வேண்டாம் என்பது. சம்மதம் இல்லை. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், மாணவரை வெளியே அனுப்புங்கள், அப்புறம் என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

வட்டாரப் பேச்சில் சிலவற்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டீயா காபியா என்று கேட்டால் “நாட் பாதர்டு” என்பார்கள். கோபம் இல்லை, எதுவானாலும் சரி என்று அர்த்தம். பூர்லி என்றால் உடம்பு சரியில்லை. வெரி பூர்லி என்று ஒரு டாக்டர் குடும்பத்தாரிடம் சொன்னால், பிழைப்பது கஷ்டம் என்கிற அளவுக்குப் போகும். உங்கள் பக்கத்தில் மைதர் என்ற சொல்லும் காதில் விழும், தொணதொணத்துத் தொந்தரவு செய்வது. “உங்களை மைதர் பண்ண விரும்பலைம்மா” என்று ஒரு பாட்டி சொன்னால், பெல்லை அடிக்க யோசித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று பொருள். அவளிடம் நீங்களாகப் போக வேண்டும்.

இப்போது அந்த மகள். “ஐ ஆம் கன்சர்ன்ட்” என்பதை நீங்கள் கவலையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஆறுதல் சொன்னீர்கள். நம் ஊர் வழக்கத்துக்கு அது சரியான பதில். ஆனால் அவர் ஆறுதல் கேட்டு வரவில்லை. “அப்பாவைப் பார்த்தால் நேற்று மாதிரி இல்லை, மனசு கேக்கலை, யாராவது பாருங்கள்” என்று சொல்ல வந்தார். வொரீட் என்பது தன் மனநிலையைச் சொல்வது. கன்சர்ன்ட் என்பது உங்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்பது. அதற்கு “டோன்ட் வொரி” என்று சொன்னால், வாயை மூடு என்று சொன்ன மாதிரி விழும்.

இதில் பிரிட்டன் பெரிய விலை கொடுத்துப் பாடம் கற்றிருக்கிறது. 2021இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, லண்டன் மருத்துவமனை ஒன்றில், தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கும் செப்சிஸ் வந்து இறந்துபோனாள். பெற்றோர் தங்கள் கவலையைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் எடுபடவில்லை. முன்னதாகவே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணையில் தெரியவந்தது. அவள் பெயராலேயே மார்த்தா விதி என்ற ஏற்பாடு 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நோயாளி மோசமாகிறார் என்று குடும்பத்தார் நினைத்தால், வேறொரு குழு அவசரமாக வந்து பார்க்கும்படி அவர்களே நேராகக் கேட்கலாம். ஆகவே கன்சர்ன்ட் என்று யாராவது சொன்னால் உட்காருங்கள். “என்ன மாற்றம் தெரிகிறது? எப்போதிலிருந்து?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். அந்த மகளை மறுபடி பார்த்தால், அன்றைக்கு நான் முழுதாகக் கேட்கவில்லை, இப்போது சொல்லுங்கள் என்று நீங்களே ஆரம்பிக்கலாம். மனிதர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

டாக்டரை எழுப்பப் பயமாக இருக்கிறது என்றீர்களே, அதற்கும் இந்தச் சொற்களே துணை. அமெரிக்க அரசின் மருத்துவமனைப் பயிற்சித் திட்டம் ஒன்று சொல்லித்தருகிற மூன்று படிகள் உண்டு, பிரிட்டிஷ் பயிற்சிகளிலும் கேட்கலாம். முதலில் ஐ ஆம் கன்சர்ன்ட். எடுபடவில்லை என்றால் ஐ ஆம் அன்கம்ஃபர்டபிள். அதுவும் எடுபடவில்லை என்றால் திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கனம். மூன்றாவதைச் சொன்னபின் எதிரில் இருப்பவர் கையில் இருக்கும் வேலையை நிறுத்திக் கேட்டாக வேண்டும். போனில் “சாரி டாக்டர், சின்ன டவுட்” என்று தொடங்காதீர்கள். “4ஆம் கட்டில் நோயாளியைப் பற்றி ஐ ஆம் கன்சர்ன்ட், நியூ கன்ஃபியூஷன் இருக்கிறது, நியூஸ் ஸ்கோர் இவ்வளவு, வந்து பார்க்க வேண்டும்” என்று தொடங்குங்கள். ஸ்கோர் குறைவாக இருந்தாலும் உங்கள் மனசு கேட்கவில்லை என்றால் கூப்பிடலாம். எண்ணுக்கு மேல் நர்சின் கவலைக்கு இடம் உண்டு என்பதை அந்த நியூஸ் 2 வழிகாட்டியே ஒத்துக்கொள்கிறது.

கடைசி வரியில், போகிற போக்கில், உங்களைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதிரியாக இருக்கிறது என்று. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

புது ஊர், நாலு மணிக்கே இருட்டுகிற குளிர்காலம், எல்லார் முன்பும் ஒரு கேள்வி, வீட்டுக்குப் போன் செய்தால் “நல்லா இருக்கேம்மா” என்று சொல்லியாக வேண்டிய கட்டாயம். இதில் ஒரு மாதிரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? உங்கள் மேலாளர் வாராவாரம் “செட்டில் ஆகிவிட்டாயா?” என்று கேட்பார். நீங்கள் “ஃபைன், லிட்டில் டென்ஷன்” என்று சிரித்து முடித்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அவருக்கு அது ஃபைன் என்றுதான் கேட்கும். அங்கே உதவியை அழைத்துவருகிற சொல் ஸ்ட்ரகிளிங். “ஐ ஆம் ஸ்ட்ரகிளிங் அ பிட்” என்று சொல்லிப் பாருங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் கேட்கிறார்கள். கேட்டால் டியூட்டி மாற்றிப் போடுவது, கூட ஒரு சீனியரை நிறுத்துவது, ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்க்கும் ஆக்குபேஷனல் ஹெல்த்துக்கு அனுப்புவது என்று அடுத்த வேலைகள் தொடங்கும்.

தூக்கம் கெட்டு, டியூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது, இது வாரக்கணக்கில் நீள்கிறது என்றால், இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவத் துறையின் டாக்கிங் தெரபீஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவைக்கு டாக்டர் கடிதம் இல்லாமல் நீங்களே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். நான் மேலே சொன்ன அந்த 7 கேள்விகளை அவர்கள் உங்களிடம் கேட்பார்கள். அப்போது நல்ல பிள்ளையாகப் பூஜ்யம் போட்டுவிட்டு வராதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், தமிழில்தான் மனசுவிட்டுப் பேச முடியும் என்றால் அதையும் பதிவு செய்யும்போதே கேட்கலாம். அடுத்த நைட் டியூட்டி எப்படிப் போனது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா